உறவுன்னு யாராவது இருக்கீங்களா?

அந்த அலுவலகத்தில் அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே ‘சார்’ சேர்த்து, முதுகுக்குப் பின்னால் சேர்க்காமல். காரணம் அவருடைய தொண்டை. கூட்ட அறையில் மைக் மக்கர் செய்தால் அதைப் பழுது பார்ப்பவனைத் தேட மாட்டார்கள், இவரைத்தான் தேடுவார்கள். மூன்றாம் மாடியில் நின்று இவர் ஒரு பெயரைக் கூப்பிட்டால், எதிர்ச்சாரித் தேநீர்க் கடையில் இருப்பவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பான். ஆண்டவன் ஒருவருக்குக் குரலைக் கொடுக்கும்போது, இதை வைத்துக்கொண்டு என்ன பேசுவாய் என்று கேட்டுவிட்டுக் கொடுப்பதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வேலை என்று பார்த்தால், நகர நிர்வாகத்தின் குடியிருப்புப் பிரிவில் மூத்த உதவியாளர். கூட்டத்துக்கு நாற்காலி போடச் சொல்வது, முந்தின கூட்டத்தில் பேசியதை உரக்க வாசிப்பது, மனு கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவது, இவ்வளவுதான். நல்லவரா என்று கேட்டால், நல்லவர்தான். யார் வம்புக்கும் போனதில்லை. வம்புக்குப் போகாதவர்களை எல்லாம் நல்லவர்கள் என்று சேர்த்துவிடுகிறோமே, அந்த வகையில் நல்லவர்.

அந்தப் பிரிவுக்குப் புதிதாக ஒரு இயக்குநர் அம்மா வந்து சேர்ந்தார். வெண்கலத்தைவிட வயதில் சின்னவர், வேகத்தில் பெரியவர். தெருவில் படுப்பவர்களுக்கு என்று அதுவரை பிரிவு செய்துவந்தது, குளிர்காலத்தில் போர்வை கொடுப்பதும் கொடுக்கும்போது படம் எடுத்துக்கொள்வதும். இயக்குநர் அம்மா முதல் கூட்டத்திலேயே, “போர்வையைக் குடுத்துட்டு, அதை எங்க விரிக்கறதுன்னு சொல்லாம வந்துடறோமே” என்றார். போர்வைக் கணக்கை வாசிக்கத் தயாராக நின்ற வெண்கலம் உட்கார்ந்துவிட்டார்.

பேருந்து ஓட்டுநர்கள் தங்கிப்போன பழைய விடுதி ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைப் பழுது பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஓர் அறை, தளத்துக்கு ஒரு சமையல்கூடம், கீழே செவிலியர் உட்கார ஓர் இடம், கடிதம் வந்தால் வாங்கி வைக்க ஒரு மேசை, வேலை தேடிக் கொடுக்க ஓர் ஆள். கட்டடப் பொறியாளர், ஓர் அறைக்கு எட்டுக் கட்டில் போட்டால் ஊரில் பாதிப் பேரை அடைத்துவிடலாம் என்று கணக்குச் சொன்னார். “உங்க வீட்டுல ரூமுக்கு எட்டுக் கட்டிலா சார்?” என்று அம்மா கேட்டார். பொறியாளர் தன் வரைபடத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

அத்துடன் நிற்கவில்லை. “அங்க போய் இருக்கப்போறது அவங்க. என்ன வேணும்னு நம்மளையே கேட்டுக்கிட்டு இருந்தா எப்படி?” என்று சொல்லி, தெருவில் இருப்பவர்களையே ஒரு காலைப் பொழுதில் கூட்ட அறைக்கு அழைத்துவிட்டார். சந்தையிலிருந்து வந்தார்கள், பாலத்தடியிலிருந்து வந்தார்கள், ரயில் நிலையத்திலிருந்து வந்தார்கள். மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரும் முன் ஒருவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார், நாற்காலி அழுக்காகிவிடக் கூடாதாம். தள்ளுவண்டியை நிறுத்த இடம் உண்டா என்று கேட்டார் ஒருவர். நாயை விட்டுவிட்டு வர முடியாது என்றார் இன்னொருவர். “பகல்லயும் உள்ள இருக்கலாமா, இல்ல விடிஞ்சதும் வெளிய போகச் சொல்லுவீங்களா?” என்று ஒருவர் கேட்டபோது, அம்மா பேனாவைத் திறந்து அதை எழுதிக்கொண்டார்.

பின்வரிசையில் ஆண்கள் போடும் கம்பளிச் சட்டையோடு ஒரு பெண் எழுந்தாள். “ரூம்ல லைட்டை நாமளே அணைச்சுக்கற மாதிரி ஒரு ஸ்விட்ச் இருந்தா போதும்ங்க. ஸ்டேஷன்ல அணைக்கவே மாட்டாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை. வெண்கலம் மட்டும் அடுத்து வாசிக்க வேண்டிய வரியைத் தொலைத்துவிட்டுத் தாளில் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவருடைய அக்கா.

ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட அக்கா எல்லாம் இல்லை. ஒரே வயிறு. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து தம்பியை வளர்த்தவள். நாளெல்லாம் விரிப்புகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்த கை. அந்தக் கைதான் இவரைப் படிக்க வைத்தது, வேலைக்குப் போகச் சட்டை தேய்த்துக் கொடுத்தது, பெண் பார்த்துக் கல்யாணமும் பண்ணி வைத்தது. தனக்கென்று ஒரு வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு நேரம் இருந்ததில்லை. இருந்ததா என்று இவரும் கேட்டதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். இரண்டே அறை. அக்காவின் மெத்தை கூடத்தில். மகள் தவழ்ந்துகொண்டிருந்த சமயத்தில், மாமனாரும் மாமியாரும் வைத்தியத்துக்காக வந்து தங்க வேண்டியிருந்தது. “கொஞ்ச நாள் உன் சிநேகிதி வீட்டுல இருந்துட்டு வாயேன்க்கா” என்றார் வெண்கலம். அக்கா ஒரு பையில் துணியை அடுக்கிக்கொண்டு போனாள். வந்தவர்கள் வைத்தியம் பார்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கூடம் காலியாயிற்று. காலியான கூடம் வெண்கலத்துக்குப் பிடித்துப்போயிற்று. நடந்தது அவ்வளவுதான். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சண்டை போட்டுத் துரத்தியிருந்தாலாவது, சமாதானம் என்று ஒன்றைச் செய்துகொள்ள வழி இருந்திருக்கும்.

“எப்ப வரட்டும் தம்பி?” என்று அக்கா போன் பண்ணிக் கேட்டாள். “அவ கொஞ்சம் முகம் சுளிக்கறாக்கா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்றார். “அண்ணி எப்ப வராங்க?” என்று மனைவி கேட்டாள். “அங்கயே வேலை கிடைச்சிடுச்சாம். வரமாட்டேங்கறாங்க” என்றார். இவளிடம் அவளைச் சொன்னார், அவளிடம் இவளைச் சொன்னார். மனைவி பாவம், முகமும் சுளிக்கவில்லை, ஒன்றும் சுளிக்கவில்லை. குழந்தைக்கு முதல் பல் முளைத்ததை அண்ணிக்குச் சொல்ல வேண்டும் என்று நம்பர் கேட்டாள். நம்பர் மாறிவிட்டது, புது நம்பர் வந்ததும் தருகிறேன் என்றார். இந்த மாதிரி விஷயங்களில் அவர் வெண்கலமாகப் பேசுவதில்லை. பஞ்சு மாதிரி பேசுவார்.

சிநேகிதி இறந்துபோனாள். அவள் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். சலவைக்கூட வேலையும் போய்விட, அக்கா ரயில் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். இது வெண்கலத்துக்குத் தெரியும். ஒரு காலையில் வேலைக்குப் போகும்போது, நடைமேடைக் குழாயில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பாதி தூக்கிய கையோடு நின்றாள். இவர் திரும்பிக்கொண்டு, ரயில் நேரப் பலகையைத் தலைகீழாகப் பாடம் பண்ணுகிறவர் மாதிரி வாசித்தார். மறுநாளிலிருந்து ரயிலை விட்டுவிட்டுப் பேருந்தில் போனார், இடையில் இறங்கி வேறு வண்டி மாறி, ஊரைச் சுற்றிக்கொண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். சோற்றைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பூசணிக்காய் கூட்ட அறைக்கே நடந்து வந்து ஸ்விட்ச் கேட்கிறது. அக்கா அவரைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் வெண்கலத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. அறை கொடுப்பதென்றால் பூர்வோத்தரம் கேட்பார்கள். எங்கே இருந்தீர்கள், யார் வளர்த்தார்கள், கூடப் பிறந்தவர்கள் உண்டா, அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஒன்றொன்றாகக் கேட்டால், அது நேராகத் தன் மேசைக்கு வந்து நிற்கும். பிரிவு முழுக்கச் சிரிக்கும். அக்கா என்ன ஆவாள் என்பதல்ல அவருடைய கவலை. தன் முகம் என்ன ஆகும் என்பதுதான். வெட்கக்கேடு என்றால் இதுதான், ஆனால் அப்போது அவர் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். மானம் என்று.

அடுத்த வாரம் பிரிவுக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தார்கள். அறைகள் கொஞ்சம், ஆட்கள் ஏராளம். யாருக்கு முதலில் கொடுப்பது? நோயாளிகளுக்கு என்றார் பிரிவின் மருத்துவர். வயதானவர்களுக்கு என்றார் பொறியாளர். வாசிப்பதைத் தவிர வாயைத் திறக்காத வெண்கலம் அன்று திறந்தார்.

“மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா? சொந்தபந்தம் இருந்தும் தெருவுல நிக்கறவங்களுக்கு நாம ரூம் குடுத்தோம்னு வெச்சுக்கங்க. நாளைக்கு ஊர்ல உள்ளவன் எல்லாம் வீட்டுப் பெரியவங்களைக் கொண்டாந்து நம்ம வாசல்ல இறக்கிட்டுப் போயிடுவான். இடம் கொடுத்தா மடம் பிடுங்கற கதைதான். உறவுன்னு யாரும் இல்லாதவங்களுக்கு மட்டும்னு வெச்சிருவோம்.”

“உறவு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“கோர்ட்டுல கூப்பிடற மாதிரி, பொதுவுல வெச்சு மூணு தடவை கூப்பிடலாம் மேடம். யாராவது வந்தா அவங்க பொறுப்பு. வரலைன்னா நம்ம பொறுப்பு.”

ஊர்க்காரன் மனசு அவருக்கு எப்படி அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இயக்குநர் அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்கு எல்லாம் பிடித்துவிட்டது, வேறு வழியும் யாரும் சொல்லவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்றார். “சரி, யார் கூப்பிடறது?” என்றதும் கணக்கர் வாய்விட்டுச் சிரித்தார். “இதுக்கு வெளியில ஆள் தேடணுமா மேடம்?” எல்லோரும் வெண்கலத்தைப் பார்த்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாகிவிட்டது.

அக்காவுக்கு ரோஷம் அதிகம், நாலு பேர் நடுவில் நிற்க வைத்து உறவு உண்டா என்று கூவினால் அவள் அந்தப் பக்கமே வர மாட்டாள் என்பது அவருடைய கணக்கு. ஒருவரை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள்வது இதற்குத்தான் பயன்பட்டது.

முதல் விசாரணை விடுதியின் கீழ்த்தளத்தில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சந்தையிலும் நிலையத்திலும் சொல்லியிருந்தார்கள். முன்பு காவலாளியாக இருந்த ஒரு முதியவரை நிற்க வைத்தார்கள். “இவருக்கு உறவுன்னு யாராவது இருக்கீங்களா?” என்று வெண்கலம் கூப்பிட்டார். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாவது முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிட்டதும், வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண் உள்ளே வந்தாள். “மகள்” என்றாள். முதியவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இருவரும் ஒருவர் பின்னால் ஒருவராக வெளியே போனார்கள். “உங்க ஐடியா வேலை செய்யுது சார்” என்று பொறியாளர் கை கொடுத்தார். சில நாட்கள் கழித்து, சுற்றிப் போகும் அந்தப் பேருந்தின் சன்னல் வழியே வெண்கலம் அந்த முதியவரைப் பார்த்தார். ஒரு நிறுத்தத்தின் பின்னால், ஒரு பிளாஸ்டிக் விரிப்பின் மேல். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கை கொடுத்தவர்கள் கையைத் திரும்பக் கேட்பார்களே.

அக்கா வரத்தான் செய்தாள். மனு கொடுத்துவிட்டு, விசாரணைக்கு முந்தின மாலை எதிர்ச்சாரித் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தாள். வெண்கலம் அவளைப் பார்த்ததும் கால் பின்னால் இழுத்தது. அதற்குள் அவள் கூப்பிட்டுவிட்டாள்.

“உக்காரு தம்பி. பயப்படாத, சத்தம் போட மாட்டேன். சத்தம் எல்லாம் உனக்குக் குடுத்தாச்சு.”

“என்னக்கா இது, நீ எதுக்கு மனு குடுத்த?”

“வீடு இல்லாதவங்களுக்கு வீடு தராங்களாம். எனக்கு வீடு இல்ல. இதுல உனக்கு எது புரியல?”

“நீ நம்ம வீட்டுக்கு வந்துடுக்கா.” சொன்ன பிறகுதான், இதைத் தன் வாய்தான் சொன்னதா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

“வந்து? உன் பொண்டாட்டி முகம் சுளிக்கறான்னு நீதானே சொன்ன. நான் அவளைக் குறை சொல்லல. அவ வீடு, அவ இஷ்டம். அங்க எனக்கு ஒரு மூலை. எல்லாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி மெத்தையைச் சுருட்டணும், எல்லாரும் படுத்த பிறகு விரிக்கணும். இங்க நாலு மூலையும் எனக்கு.”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் ஒரு நாளும் சுளிக்கவில்லை அக்கா, எல்லாம் நான்தான் என்று. வாய் திறந்தது. தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு மூடிக்கொண்டது.

“நாளைக்கு நீ மூணு தடவை கூப்பிடுவ. யாரும் வர மாட்டாங்க. ரூம் எனக்கு வந்துடும். நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான், வழக்கமா செய்யறதுதான். பேசாம இருக்கணும். இருப்பியா?”

தலையாட்டினார். தேநீருக்கு அவளே காசு கொடுத்தாள்.

மறுநாள் அக்கா தலையைப் படிய வாரி, கம்பளிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். துவைத்தது காயவில்லை, தோள்பக்கம் ஈரம் தெரிந்தது. கூடத்தில் நல்ல கூட்டம். அவளோடு நிலையத்தில் இருந்த, சீப்பு விற்கும் பெண் ஒருத்தி அக்காவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இவங்களுக்கு உறவுன்னு யாராவது இருக்கீங்களா?”

முதல் முறை நன்றாகவே கூப்பிட்டார். யாரும் வரவில்லை. அக்கா அவருடைய தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவங்களுக்கு உறவுன்னு யாராவது இருக்கீங்களா?”

இரண்டாவது முறை கூப்பிட்டபோது, தன் குரல் கூடத்தைச் சுற்றிக்கொண்டு தன்னிடமே திரும்பி வந்து, ‘உன்னைத்தான் கேக்கறேன்’ என்று நிற்பது போல இருந்தது. அக்காவின் ஈரத் தோளைப் பார்த்தார். இயக்குநர் அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இன்னும் ஒரு முறைதான். கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும். அறை அக்காவுக்கு, மானம் இவருக்கு. இதைவிட லாபமான வியாபாரம் உண்டா?

“இவங்களுக்கு உறவுன்னு…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. “நான் இருக்கேன்” என்றார். “இவங்க என் அக்கா. கூடப் பிறந்தவங்க.”

இதை வீரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதுகில் அரிப்பு தாங்காதவன் சபை என்று பார்க்காமல் சொறிந்துகொள்வான் இல்லையா, அது மாதிரிதான். அந்த நிமிஷத்தில் அவர் அக்காவை நினைக்கவே இல்லை. அவளுடைய அறையை நினைக்கவில்லை. தன் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினால் போதும் என்று இறக்கினார். அது யார் தலையில் விழுகிறது என்று பார்க்கவில்லை.

இயக்குநர் அம்மா அக்காவின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இவர் உங்க தம்பியா?”

அக்கா அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். சின்ன வயதில், அன்றைக்கு முழுவதுக்கும் இருந்த பாலை அடுப்பிலிருந்து இவர் கவிழ்த்தபோது பார்த்தாளே, அதே பார்வை. அடி விழாத, ‘கெடுத்துட்டியேடா’ என்ற பார்வை. பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“இல்லைங்கம்மா. இந்த ஐயாவை அன்னைக்குக் கூட்டத்துலதான் முதல்ல பாத்தேன். பாவம், இளகின மனசு போல. எனக்குன்னு யாரும் வரலையேன்னு தாங்காம சொல்றாரு. எனக்கு உறவுன்னு யாரும் இல்லைங்க.”

தடுமாறாமல் சொன்னாள். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கணக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இயக்குநர் அம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது. “சார், உங்க மனசு எனக்குப் புரியுது. எங்க யாருக்கும் இது தோணலையே. ஆனா ரூல் உறவுக்குத்தான் சார், இரக்கத்துக்கு இல்ல.”

“மேடம், நிஜமாவே என் அக்கா மேடம். எங்க அம்மா போனதும் இவங்கதான் என்னை…”

“போதும் சார், உணர்ச்சிவசப்படாதீங்க” என்று பொறியாளர் அவருடைய தோளை அழுத்தி உட்கார வைத்து, ஒரு கிளாஸ் தண்ணீரைக் கையில் கொடுத்தார். ஊரையே எழுப்பி உட்கார வைக்கிற குரல், அன்றைக்கு ஒரே ஒரு உண்மையைச் சொல்லிற்று. ஒரு ஆள்கூட நம்பவில்லை. நம்பாதது மட்டுமா, அதற்காக மெச்சினார்கள். செருப்பால் அடித்திருந்தால்கூட வெண்கலம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கைதட்டலுக்குக் குனிந்தார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவுக்கு இரண்டாம் மாடியில் அறை கிடைத்தது. சீப்புக்காரி சாவி வாங்கப் போயிருந்த நேரத்தில், மாடிப்படி அடியில் வெண்கலம் அவளிடம் போய் நின்றார்.

“கேட்டது ஒண்ணே ஒண்ணு” என்றாள் அக்கா, தணிந்த குரலில். “பேசாம இருன்னு. வருஷக்கணக்கா இருந்தவனுக்கு இன்னைக்கு ஒரு நாள் இருக்க முடியலையா?”

“தாங்க முடியலக்கா.”

“உனக்குத் தாங்கலன்னா என் ரூமைப் பிடுங்குவியா? அந்தம்மா உன்னை நம்பியிருந்தா நான் இன்னைக்கு எங்கடா போறது?” “எனக்கு யாரும் இல்லன்னு நான் சொன்னப்ப உன் முகம் போன போக்கைப் பாத்தேன். அதை ஒரு தடவை காதால கேட்டதுக்கே அப்படி. எனக்கு எத்தனை வருஷம்?”

சீப்புக்காரி சாவியோடு வந்துவிட்டாள். “நிஜமாவே யாருக்கா இவரு?” என்று கேட்டாள்.

“ஆபீஸ்காரரு.”

வெண்கலம் குனிந்து பையின் பிடியைப் பற்றினார். அக்கா அவருடைய விரல்களைப் பிடியிலிருந்து விலக்கினாள். “விடுங்க சார். நாங்க தூக்கிக்கறோம்” என்றாள். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பிடியாகப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள்.

அவர் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கணக்கரின் மனைவி போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். அப்படி ஒரு பூரிப்பை அவள் முகத்தில் அவர் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கையைக் கழுவச் சொல்லி, தட்டை வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லைங்க. யாரோ ஒருத்தங்களைப் போய் எல்லார் முன்னாடியும் என் அக்கான்னு சொன்னீங்களாமே! அண்ணி கேட்டா எவ்வளவு பெருமைப்படுவாங்க. அவங்க வளர்ப்பு இல்லையா? இன்னைக்காவது எப்படியாவது அவங்க நம்பரைக் கண்டுபிடிங்க. நானே சொல்றேன்.”

வெண்கலம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அது அக்காதான்” என்றார்.

அவள் சிரித்தாள். “போதும், இன்னும் ஆபீஸ்லயே இருக்கீங்களா?” என்று சொல்லிக் குழம்பை ஊற்ற வந்தவள், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தாள்.

சொன்னார். காலியான கூடம், நடைமேடைக் குழாய், பேருந்து, பிரிவில் தானே கொண்டுவந்த விதி எல்லாவற்றையும் சொன்னார். அவளிடம் இவளையும் இவளிடம் அவளையும் சொன்னதைச் சொன்னார். பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

மனைவி அழவில்லை, கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்போ, நான்தான் வர விடலைன்னு இத்தனை வருஷமா அண்ணி நினைச்சுக்கிட்டு இருக்காங்களா?”

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார்.

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். மகளைக் கூப்பிட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். இருந்த சோற்றையும் குழம்பையும் பாத்திரத்தில் போட்டு மூடி, ஒரு துணியில் கட்டி எடுத்துக்கொண்டாள். “எந்த மாடி?” என்று கேட்டாள்.

“ரெண்டு. இரு, நானும் வரேன்.” பிசைந்த கையோடு எழுந்தார்.

“நீங்க வர வேணாம்” என்றாள். “உங்களை நடுவுல வெச்சுக்கிட்டு நாங்க பேசினதெல்லாம் போதும்.”

கதவைத் திறந்துகொண்டு மகளோடு வெளியே போனாள். அத்தை பார்க்க எப்படி இருப்பாங்க என்று மகள் கேட்டுக்கொண்டே படி இறங்கினாள்.